மீனை எடுத்த இடத்தில் என்ன வைத்தீர்கள்?

வாசகர் கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு வயது 27. கொக்குவிலில் அப்பா, அம்மா, அம்மம்மா, தம்பியோடு இருக்கிறேன். பாடசாலையில் படிப்பிக்கிறேன். பக்கத்து வீட்டில் மாடு கறக்கும்போது கன்றை எட்டக் கட்டிவைப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் கேட்காமல், ஐந்து மாதமாக இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "வெள்ளிக்கிழமைச் சைவம் மாதிரி இருந்தாக் காணாதோ, பால் என்ன செய்தது?" என்று அம்மா கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மீன்குழம்போடு இருக்க, நான் அறைக்குள் பாணும் சம்பலும் சாப்பிடுகிறேன். அதைப் பார்த்து அம்மா அழுகிறார். நான்கு கிலோ குறைந்துவிட்டேன். தலைமுடி கொட்டுகிறது, மூன்றாம் பாடம் முடியமுதலே களைத்துவிடுகிறேன். அப்பாவின் பிறந்தநாளுக்கு முட்டையும் பாலும் இல்லாமல் கேக் செய்தேன். இறப்பர் போல வந்தது. அப்பாவுக்கு நீரிழிவும் இருக்கிறது. இனிப்பு என்றால் எனக்கு உயிர், இப்போது அதையும் இழந்துவிட்டேன். கலியாணப் பேச்சும் தொடங்கிவிட்டது. இதை நான் தொடர முடியுமா? வீட்டோடு எப்படி ஒத்துப்போவது?

பதில்:

அன்புள்ள தங்கச்சி, தொடரலாம். சரியாகத் திட்டமிட்டால் தாவர உணவை மட்டும் சாப்பிட்டு ஒரு பெண் முழு ஆரோக்கியத்தோடு இருக்கலாம். கன்றைப் பார்த்து வந்த இரக்கத்தை ஒருவரும் குறைசொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் எதை எதை விட்டீர்கள் என்று ஒரு வரி முழுக்க இருக்கிறது. விட்டதற்குப் பதிலாக எதைச் சேர்த்தீர்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. பாணும் சம்பலும்தான் இருக்கிறது. உங்கள் களைப்புக்கும் அம்மாவின் கண்ணீருக்கும் காரணம் அந்த வெற்றிடம்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் காலைச் சாப்பாட்டை எடுங்கள். இடியப்பம், சொதி, சம்பல். மாசி போடாவிட்டால் மூன்றும் தாவரம்தான். ஆனால் மூன்றிலும் புரதம் மிகக் குறைவு. இடியப்பம் மாச்சத்து, சொதி பெரும்பாலும் தேங்காய்க் கொழுப்பு, சம்பலும் அப்படித்தான். இவ்வளவு நாளும் மத்தியானம் வந்த மீன்துண்டும், தேத்தண்ணீரில் கரைத்த பால்மாவும், எப்போதாவது வந்த முட்டையும் இந்தக் குறையைச் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே சாப்பிட்டால் வயிறு நிரம்பும், உடம்பு மெலியும். சாப்பாட்டின் மொத்த அளவோ, புரதமோ, இரும்போ திடீரென்று குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டத் தொடங்குவது வழக்கம். உங்கள் கணக்கு அதோடு பொருந்துகிறது.

55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 45 கிராம் புரதம் வேண்டும். பருப்பு, பயறு போன்றவற்றின் புரதம் கொஞ்சம் குறைவாகத்தான் சமித்து உடம்பில் சேரும் என்பதால் 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டிய கணக்கில்லை. அவித்த மைசூர்ப் பருப்பு ஒரு கோப்பையில் 18 கிராம் அளவு இருக்கிறது. அவித்த கடலை ஒரு கோப்பையில் 14 கிராம். கௌபியும் பயறும் அதே அளவுதான். சோயாமீற் 30 கிராம் எடுத்து ஊறவைத்தால் அதிலேயே 15 கிராம் வந்துவிடும். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 6 கிராம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பருப்பைச் சோற்றுக்கு மேல் ஊற்றும் ஒரு கரண்டிக் குழம்பாக நினைக்காதீர்கள். மீனுக்குத் தட்டில் எவ்வளவு இடம் கொடுத்தீர்களோ அவ்வளவு இடம் அதற்கும் கொடுங்கள். காலையில் பிட்டோடு கடலைக்கறி, மத்தியானம் சோற்றோடு கெட்டிப் பருப்பு, பாடசாலை விட்டு வந்ததும் தாளித்த கௌபி. இரவு தோசை என்றால் அதில் உழுந்து இருக்கிறது. ஒரு நாள் முடிந்துவிட்டது.

அடுத்தது வைட்டமின் பி12. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நம்பிச் சாப்பிடக்கூடிய அளவில் பி12 எந்தத் தாவர உணவிலும் இல்லை. பழஞ்சோற்றில் இருக்கிறது, கழுவாத கீரையில் இருக்கிறது, ஸ்பிருலினாவில் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். அவற்றை நம்பி நரம்பைப் பணயம் வைக்கக்கூடாது. ஸ்பிருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பிரித்தானியாவில் 1944இல் தொடங்கப்பட்ட வீகன் சொசைட்டி, இந்த உணவுமுறைக்குப் பெயர் வைத்த அமைப்பு. அவர்களே சொல்லும் ஆலோசனை, பி12 சேர்த்த உணவுகள் கிடைக்காவிட்டால் நாளுக்கு 10 மைக்ரோகிராமாவது குளிசையாக எடுக்க வேண்டும், அல்லது கிழமைக்கு 2000 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும் என்பதுதான். ஒரே தடவையில் கூடுதலாகப் போட்டால் உடம்பு அதில் சிறு பங்கைத்தான் உறிஞ்சும். அதனால்தான் கிழமைக் கணக்கு அவ்வளவு பெரிதாக இருக்கிறது. சயனோகோபாலமின் என்ற வகை இலகுவில் கெட்டுப்போகாது, விலையும் குறைவு. பார்மசியில் கூடு போட்ட குளிசை (கப்சூல்) தராமல் சாதாரணக் குளிசையாகத் தரும்படி கேளுங்கள். கூடு பெரும்பாலும் ஜெலற்றினில் செய்தது, அது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது.

ஈரலில் பி12 சேமிப்பு சில வருடங்களுக்குப் போதுமானதாக இருக்கும். அதனால் ஐந்து மாதத்தில் வந்த களைப்புக்கு அது ஒன்றே காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அந்தச் சேமிப்புத்தான் ஆபத்தும்கூட. "இரண்டு வருடம் ஒன்றும் போடவில்லை, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று இருந்தவர்கள் கை கால் விறைப்போடு வருவதை நான் பார்த்திருக்கிறேன். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுபவருக்கு ஃபோலேற் தாராளமாகக் கிடைப்பதால், இரத்தச்சோகை தெரியாமலே நரம்பு பாதிக்கப்படலாம். கையிலோ காலிலோ ஊசி குத்துவது போல உணர்வு, நாக்கில் எரிவு, மறதி என்று எது வந்தாலும் காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்று. அப்பாவுக்கு நீரிழிவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பல வருடமாக மெற்போமின் குளிசை போடுகிறார் என்றால், மீனும் பாலும் சாப்பிட்டாலும் அவருக்கும் பி12 குறைந்திருக்கலாம். அந்த மருந்து உறிஞ்சலைக் குறைக்கும். வயது போகப்போக வயிற்று அமிலம் குறைவதால் அம்மம்மாவுக்கும் அப்படி ஆகலாம். அப்பாவின் அடுத்த கிளினிக்கில் இதைக் கேட்டுப்பாருங்கள். இந்தக் குளிசை உங்கள் கொள்கைக்கு வந்த தோல்வி என்று வீட்டில் யாராவது சொன்னால், வீட்டில் மூன்று பேருக்குமே அது தேவைப்படலாம் என்று சொல்லலாம்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு இலேசாக உடம்பில் சேரும், தாவர இரும்பு அப்படிச் சேராது. ஆனால் பக்கத்தில் வைட்டமின் சி இருந்தால் நன்றாகச் சேரும். முருங்கையிலை வறையை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொய்யாப்பழம் நல்லது. கடலையையும் பயறையும் இரவே ஊறவைத்து, முடிந்தால் முளைகட்டி அவியுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் நம்முடைய பழக்கம்தான் எதிரி. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

கல்சியத்துக்குக் குரக்கன். 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு தம்ளர்ப் பாலில் இருப்பதைவிடக் கூட. கிழமைக்கு மூன்று நான்கு நாள் குரக்கன் பிட்டோ ரொட்டியோ வரட்டும். எள்ளும் கீரையும் மிச்சத்தைத் தரும். அயடினுக்கு, பொதியில் "அயடின் சேர்த்தது" என்று போட்ட உப்பாகப் பாருங்கள், அடுப்பை அணைக்கும் நேரத்தில் போடுங்கள், மூடிவையுங்கள். கல்லுப்புத்தான் ருசி என்று அம்மா சொன்னால் அது ஊறுகாய்க்கு இருக்கட்டும். மீன் சாப்பிடாத உங்களுக்கு வேறு வழியில் அயடின் வருவது கடினம்.

தேங்காய்ப் பாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயரில் பால் இருப்பதால் பசுப்பாலின் வேலையை அது செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாது. அதில் புரதமும் கல்சியமும் மிகக் கொஞ்சம். ருசிக்கு விடுங்கள், போசாக்கு என்று எண்ணிக் குடிக்காதீர்கள். பால்மாவுக்குப் பதிலாக வேண்டும் என்றால் சோயாப்பால் பொருத்தம். சோயாவை ஒரு இரவு ஊறவைத்து, அரைத்து, வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்து எடுங்கள். அரைகுறையாகக் காய்ச்சினால் வயிறு ஏற்காது. இல்லாவிட்டால், வெறும் தேத்தண்ணீரும் ஒரு துண்டு பனங்கட்டியும். அம்மம்மாவுக்கு அது புதிதாக இருக்காது.

சரி, இனிப்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் ஆச்சரியப்பட்டது இந்த இடத்தில்தான். வீகனாக மாறியதால் இனிப்பை இழந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருப்பது யாழ்ப்பாணத்தில்! நம்முடைய பழைய பலகாரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாலும் தேவையில்லை, முட்டையும் தேவையில்லை. பயற்றம் பணியாரம் என்றால் வறுத்த பயற்றம்மா, தேங்காய்ப்பூ, சர்க்கரை, கொஞ்சம் மிளகு, சீரகம், ஏலம். மேலே தோய்க்கும் மா. தொதல் என்றால் அரிசிமா, தேங்காய்ப்பால், சர்க்கரை, கஜு. ஆவணி, புரட்டாதியில் பனங்காய்ப் பணியாரம். எள்ளுப்பாகு, மோதகம், கொழுக்கட்டை, அரியதரம் எல்லாம் அப்படித்தான். நெய் தடவுவது சில வீட்டுப் பழக்கம், அதை நல்லெண்ணெயாக மாற்றினால் போதும். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் ஆடிக்கூழைப் பாருங்கள். அரிசிமா உருண்டை, வறுத்த பயறு, தேங்காய்ச் சொட்டு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. ஒரு துளி பசுப்பால் இல்லாமல் ஒரு பண்டிகையே நடக்கிறது. பாலும் முட்டையும் கட்டாயம் வேண்டும் என்ற எண்ணம் கேக், ஐஸ்கிறீம், பால்ரொபி, புடிங் என்று வந்தவற்றோடுதான் நம் வீடுகளில் ஆழமாகப் பதிந்தது.

என்னைக் கேட்டால் நீங்கள் முதலில் செய்யவேண்டிய இனிப்பு உழுத்தம்மாக் களி. பெரியபிள்ளையான வீட்டிலும் பிள்ளைப்பேற்று வீட்டிலும் கிண்டிக் கொடுப்பது. உழுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரைத்து, அரித்து வையுங்கள். ஒரு கோப்பை உழுத்தம்மாவுக்கு அரைக் கோப்பை வறுத்த அரிசிமா. பனங்கட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்து, மூன்று கோப்பை தேங்காய்ப்பாலோடு சேர்த்து, மாவை ஆறின பாலிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள். சூடான பாலில் மாவைக் கொட்டினால் கட்டிபடும், பிறகு என்ன செய்தாலும் கரையாது. நெருப்பைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். முதலில் கஞ்சி போல இருக்கும், பிறகு அகப்பை கனக்கும், பிறகு சட்டியின் ஓரத்தை விட்டு உருண்டு வரும். அப்போது நல்லெண்ணெயை ஓரத்தால் சுற்றி விடுங்கள். எண்ணெய் மினுங்கிக்கொண்டு களி சட்டியில் ஒட்டாமல் சுழன்றால் இறக்கலாம். உழுந்தில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவு புரதம் இருக்கிறது. மெலிந்துபோன மகளுக்கு அம்மா மறுபேச்சில்லாமல் கிண்டித் தரக்கூடிய ஒன்று இது. நீங்கள் கிண்டவேண்டாம், அம்மாவிடம் கேளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கேக் ஏன் இறப்பரானது? நீங்கள் அளவு எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கலாம். முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் விட்டிருப்பீர்கள், கட்டி கரையட்டும் என்று நெடுநேரம் அடித்திருப்பீர்கள். கேக்கில் முட்டை, கலவையைப் பிணைக்கிறது, காற்றைப் பிடித்துவைத்து உப்பவும் செய்கிறது. அது இல்லாதபோது கோதுமை மாவை அடிக்க அடிக்க அதிலுள்ள பசைத்தன்மை இறுகி, ரொட்டி மாவின் குணத்துக்கு வந்துவிடும். ஆகவே உப்பவைப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும், கையையும் அடக்கவேண்டும்.

இந்த அளவில் செய்து பாருங்கள். ஒன்றரைக் கோப்பை கோதுமை மா, முக்கால் கோப்பை சீனி, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அரித்து வையுங்கள். வேறு பாத்திரத்தில் ஒரு கோப்பை இரண்டாம் தேங்காய்ப்பால், மூன்றில் ஒரு கோப்பை வாசமில்லாத எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, கொஞ்சம் வனிலா. அடுப்பு 180 பாகை செல்சியசில் முதலே சூடாகி இருக்கவேண்டும், தட்டிலும் எண்ணெய் பூசி இருக்கவேண்டும். ஏனென்றால் வினாகிரி அப்பச்சோடாவில் பட்ட உடனே வாயு கிளம்பத் தொடங்கும். நீங்கள் தட்டைத் தேடும் நேரத்தில் அது பறந்துவிடும். ஈரத்தை மாவில் ஊற்றி, உலர்ந்த மா தெரியாமல் போகும்வரை மட்டும் கலக்குங்கள். சின்னக் கட்டிகள் கிடந்தால் கிடக்கட்டும். எட்டு அங்குலத் தட்டில் 35 நிமிடம். நடுவில் ஈர்க்கு குத்திப் பாருங்கள். கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து சேர்த்தால் ஈரப்பதமாக இருக்கும், அப்போது தேங்காய்ப்பாலைக் கால் கோப்பை குறையுங்கள். மாஜரீன் பூசுவதானால் பொதியைப் படியுங்கள், பலவற்றில் பால்பொருள் இருக்கிறது. பிஸ்கட்டிலும், சில சோயாமீற் பொதிகளோடு வரும் சுவைத்தூளிலும் அப்படித்தான்.

புடிங் ஆசைக்கு ஜெலற்றின் வேண்டாம், கடற்பாசித் தூள் இருக்கிறது. கறுத்தக்கொழும்பான் காலத்தில் ஒரு கோப்பை தேங்காய்ப்பாலில் ஒன்றரைத் தேக்கரண்டி கடற்பாசித் தூளும் சீனியும் போட்டு இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு கோப்பை மாம்பழக் களியைச் சேர்த்து ஊற்றிவையுங்கள். களி குளிர்ந்ததாக இருக்கக்கூடாது, சேர்க்கும்போதே உறையத் தொடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே உறையும் என்பதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. இதே முறையில் கித்துள் கருப்பட்டி, கஜு, ஏலம், சாதிக்காய் போட்டு வட்டிலப்பத்தின் ருசியைக் கொண்டுவரலாம். முட்டை தரும் அந்தக் கண்கண்ணான பதம் வராது. அதை எதிர்பார்த்துச் செய்தால் ஏமாற்றம்தான். ஐஸ்கிறீமுக்கு, நன்றாகக் கனிந்த கப்பல் வாழைப்பழத்தைத் துண்டாக்கி உறையவைத்து, கொஞ்சம் தேங்காய்ப்பாலோடு அரையுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

அப்பாவைப் பற்றி மறக்கவேண்டாம். பாலும் முட்டையும் இல்லை என்பதால் இனிப்பு மருந்தாகிவிடாது. பனங்கட்டியும் சீனிதான், இரத்தத்தில் குளுக்கோசை ஏற்றத்தான் செய்யும். பிறந்தநாளுக்கு ஒரு மெல்லிய துண்டு கேக் கொடுங்கள், அன்றைக்குச் சோற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். பனங்கட்டி நல்லது என்று மற்ற நாட்களில் நீங்களாக ஊட்டிவிடாதீர்கள். தொதலும் பணியாரமும் உங்களுக்கும் அளவோடுதான். மெலிந்த உடம்பைத் தேற்றவேண்டியது பருப்பும் கடலையும்.

இனி வீடு. அறைக்குள் தனியே சாப்பிடுவதை நாளைக்கே நிறுத்துங்கள். இதை ஒரு போசாக்கு ஆலோசகராகவே சொல்கிறேன். தனியே சாப்பிடுபவர் கையில் அகப்பட்டதைச் சாப்பிடுவார், அதுவும் குறையச் சாப்பிடுவார். உங்கள் எடை அதற்குச் சாட்சி. அம்மாவின் பக்கம் நின்றும் பாருங்கள். நம் ஊரில் அம்மாமார் "உன்னில் எனக்கு விருப்பம்" என்று வாயால் சொல்லுவது குறைவு. பால்தேத்தண்ணீர் ஊற்றித் தருவார்கள், நடுமுள் மீன்துண்டைப் பார்த்துப் போடுவார்கள். அதை வேண்டாம் என்று நீங்கள் தள்ளும்போது, தன்னையே தள்ளியதாகத்தான் அவருக்குப் படும். அவர் கையால் தருவதற்கு வேறொன்று வேண்டும். அதனால்தான் களியை அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். அம்மம்மாவிடம் போய், பால்மா வராத காலத்தில் என்ன பலகாரம் செய்தீர்கள், என்ன கறி வைத்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம் என்று அம்மாவின் பேச்சிலேயே தெரிகிறது. நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் பல வீடுகளில் சட்டிபானை கழுவிச் சைவம்தான். அதாவது மீன் இல்லாமல் ஐந்து பேருக்குச் சமைக்க உங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தச் சமையலில் மாறவேண்டியது தயிர், நெய், மோர்மிளகாய் போன்ற இரண்டு மூன்று மட்டும். "எனக்காகத் தனியாகச் சமையுங்கோ" என்று கேட்பதற்கும், "அம்மா, வெள்ளிக்கிழமை வைக்கிற கத்தரிக்காய்ப் பால்கறியை ஞாயிற்றுக்கிழமையும் வையுங்கோ, எல்லாரும் சாப்பிடலாம்" என்று கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! மீன்குழம்பு மற்றவர்களுக்கு ஒரு சட்டியில் இருக்கட்டும். மேசையில் உள்ள மற்ற எல்லாம் எல்லோருக்கும் பொது. சம்பலுக்கு மாசி போடுமுன் ஒரு பங்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மீன்சட்டி அகப்பையை மற்றச் சட்டியில் போடாமலிருக்க, உங்கள் கறிகளுக்கென்று ஒரு அகப்பையை நீங்களே எடுத்துவையுங்கள். இதற்காக அம்மாவோடு வாக்குவாதம் வேண்டாம்.

ஒடியல் கூழ் போன்றவை கொஞ்சம் கடினம், ஏனென்றால் வழக்கமாக மீன்தலையும் நண்டும் முதலே கொதித்துவிடும். வரிசையை மாற்றச் சொல்லுங்கள். பெரிய பானையில் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், முருங்கையிலை முதலில் வேகட்டும். நண்டும் இறாலும் மீனும் பக்கத்து அடுப்பில் தனியே அவியட்டும். ஒடியல் மாவை ஊறவைத்து மேல்தண்ணீரை வடித்துக் கரைத்து, செத்தல்மிளகாய் விழுதோடும் பழப்புளியோடும் பெரிய பானையில் ஊற்றிக் கூழ் தடித்ததும், உங்களுக்கு ஒரு சட்டியில் வார்த்து எடுங்கள். பிறகு அவித்த கடலுணவை அதன் தண்ணீரோடு பானையில் சேர்க்கட்டும். உங்கள் சட்டியில் இன்னும் கொஞ்சம் புளியும் பலாக்கொட்டையும் கூட இருக்கட்டும், கடல் ருசி இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. பலாவிலையைக் கோலி எல்லோரும் முற்றத்தில் வட்டமாக இருந்து குடிக்கும்போது நீங்களும் அந்த வட்டத்தில் இருப்பீர்கள்.

மேசையில் மாட்டையும் கன்றையும் பற்றிக் கதைக்கவேண்டாம். உங்கள் காரணம் நல்ல காரணம். ஆனால் ஒருவர் வாயில் மீன் இருக்கும்போது சொன்னால் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். பின்னேரம் அம்மாவோடு கிணற்றடியிலோ விறாந்தையிலோ இருக்கும்போது, நீங்கள் கண்டதை அப்படியே சொல்லுங்கள். பாடமெடுக்கவேண்டாம். தம்பி சிரித்தால் அடுத்த கேக்கை அவனிடமே முதல் துண்டாகக் கொடுங்கள்.

கோயிலில் பஞ்சாமிர்தமோ மோரோ நீட்டினால் என்ன செய்வது என்பது உங்கள் மனச்சாட்சியின் விஷயம். ஒருவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு அம்மம்மாவிடம் கொடுப்பார், இன்னொருவர் அன்றைக்கு மட்டும் ஏற்பார். இரண்டிலும் நான் பிழை காணமாட்டேன். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்கு முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், கையோடு ஒரு பாத்திரம் பயற்றம் பணியாரம் கொண்டுபோங்கள். வீட்டுக்காரருக்கும் சங்கடம் இருக்காது.

கலியாணப் பேச்சைப் பொறுத்தவரை, மறைக்கவேண்டாம். "பிறகு சரிவரும், இப்ப சொல்லாத" என்று யாராவது சொல்வார்கள். வாழ்நாள் முழுக்க ஒரே சமையலறையில் இருக்கப்போகிறவரிடம் இதை முதலிலேயே, நீங்களே, நேரே சொல்லுங்கள். அவர் மீன் சாப்பிடுவாரா, வீட்டில் மீன் சமைப்பதில் உங்களுக்கு என்ன நிலைப்பாடு என்பதையும் தெளிவாகப் பேசுங்கள். பிள்ளை பெறும் எண்ணம் வரும்போது, அதற்கு முன்னரே வைத்தியரிடம் உங்கள் உணவைச் சொல்லிவிடுங்கள். தாய்க்குப் பி12 குறைந்தால் பிள்ளையின் மூளை, நரம்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஃபோலிக் அமிலம், அயடின், மீனிலிருந்து வரும் ஒமேகா-3 கொழுப்புக்குப் பதிலாகப் பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஆகியவற்றையும் அப்போது பார்க்கவேண்டும். இப்போதைக்கு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி அரைத்த ஆளிவிதை போதும்.

இந்தக் கிழமையே வைத்தியர் ஒருவரைக் கண்டு, முழு இரத்தப் பரிசோதனை, ஃபெரிற்றின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, தைரொயிட் ஆகிய நான்கையும் பார்க்கக் கேளுங்கள். களைப்புக்கும் முடி கொட்டுவதற்கும் தைரொயிட்டும் காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் சாப்பாட்டில் போட்டுவிட்டு அதைத் தவறவிடக்கூடாது. இரத்தம் கொடுத்த அன்றே பி12 குளிசையைத் தொடங்கலாம். இரும்புக் குளிசையை மட்டும் அறிக்கை வரும்வரை நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். அறிக்கை வந்ததும் அந்த அளவுகளையும், ஒரு கிழமை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்து மிச்சத்தைச் சொல்கிறேன்.